கிழக்குப் பார்த்த அம்மனும் வட்டிக்கடை போர்டும்

அவனியாபுரத்தில் நான் தையல் கடை வைத்திருந்தபோது எனக்கு இரண்டு மிஷின்கள் உண்டு. ஒன்று என் கடையில் இருந்தது. மற்றது வட்டிக்கடையில் இருந்தது.

பெல்பாட்டம் போட்டவர்கள் தெருவைக் கூட்டிக்கொண்டே நடந்த காலம் அது. ஒரு பள்ளிக்கூடத்துக்கு யூனிபாரம் தைத்துக் கொடுக்க ஒப்புக்கொண்டேன். துணி எடுக்கக் கையில் காசில்லை. கடைத்தெருக் கோடியில் இருந்த வட்டிக்கடையில் ஒரு மிஷினை அடகு வைத்து முந்நூறு ரூபாய் வாங்கினேன். பள்ளிக்கூடத்திலிருந்து பணம் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. வந்ததெல்லாம் வட்டிக்கே போனது. நூற்றுக்குப் பன்னிரண்டு என்று சொல்லி வட்டிக்கடைக்காரர் மாதம் முப்பத்தாறு வாங்கிக்கொள்வார். பதினான்கு மாதம் கட்டினேன். ஒரு தடவைகூட ரசீது கேட்டதில்லை. பெரிய மனிதரிடம் ரசீது கேட்பது அவர் நாணயத்தைச் சந்தேகப்படுவது போல என்று எனக்கு ஒரு நினைப்பு.

அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். வட்டி கொடுக்கப் போனால் டீ சொல்லுவார். பிள்ளைகளை விசாரிப்பார். கடைக்குள் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் ஆள் உயரத்துக்கு மீனாட்சி திருக்கல்யாணப் படம் மாட்டியிருப்பார். இத்தனை பெரிய படம் மாட்டியிருக்கிறாரே, எவ்வளவு பக்தி என்று நினைத்துக்கொள்வேன். பணத்தைக் கொடுத்துவிட்டு அம்மனைக் கும்பிட்டுத்தான் வெளியே வருவேன்.

ஒன்றுதான் எனக்கு உறுத்தியது. அந்தச் சுவர் வடக்குச் சுவர். அதில் மாட்டினால் அம்மன் தெற்குப் பார்த்தல்லவா இருப்பாள்? கோயிலிலேயே கிழக்குப் பார்த்து நிற்கிறவளை இப்படித் தெற்குப் பார்க்க வைக்கலாமா? வீட்டில் இதைப் பல நாள் சொல்லிப் புலம்பியிருக்கிறேன்.

“அவருகிட்டயே சொல்ல வேண்டியதுதான?” என்பாள் என் மனைவி.

“கடன் பாக்கிய வச்சுக்கிட்டு எப்படிச் சொல்றது?”

“அம்மன் எந்தத் திசைன்னு பாத்தீகளே, நம்ம மிஷின் எந்தத் திசையில கெடக்குன்னு பாத்தீகளா?”

அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. தீபாவளிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. இரண்டு மிஷின் ஓடும் என்ற நம்பிக்கையில் நான் துணி வாங்கிப் போட்டுவிட்டேன். பெஞ்சில் குவிந்த துணி என் நெஞ்சு உயரத்துக்கு வந்துவிட்டது. அவள் காஜா எடுத்து பட்டன் கட்டித் தந்தாலும் தைப்பதற்கு ஒரு மிஷின்தானே. தீபாவளிக்குச் சட்டை கொடுக்காத டெய்லர் அதற்கப்புறம் அந்த ஊரில் கடை திறக்க முடியாது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அவளே என்னைக் கூட்டிக்கொண்டு வட்டிக்கடைக்குப் போனாள்.

“அண்ணே, தீவாளி வரைக்கும் மிஷினக் குடுங்க. தச்சு வர்ற காசு அம்புட்டையும் ஒங்க கையிலயே தாரோம்.”

அவர் பெருமூச்சு விட்டார். “குடுக்கலாம்தான் தங்கச்சி. ஆனா நாளைக்குப் பூஜை. இங்க இருக்கிற சாமானுக்கெல்லாம் நாங்க பொட்டு வச்சுருவோம். பூஜையில வச்சத விஜயதசமி வரைக்கும் அசைக்கக் கூடாது. அது சாமி குத்தம். டெய்லரு வேணும்னா காலையில வந்து மிஷினுக்குத் தன் கையால பொட்டு வைக்கட்டும்.”

“அதுக்கப்புறம் குடுப்பீகளா?”

“ரெண்டு மாச வட்டிய முன்கூட்டிக் கட்டுங்க. பாப்போம்.”

சாமி குற்றம் என்றதும் நான் தலையை ஆட்டிவிட்டேன். அவள் என்னை விட்டுவிட்டு முன்னால் விறுவிறுவென்று நடந்து போய்விட்டாள்.

மறுநாள் குளித்துவிட்டு, கத்தரிக்கோல், டேப், இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். பிறகு சந்தனம், குங்குமம், பூ, தேங்காய் எல்லாம் தட்டில் வைத்துக்கொண்டு வட்டிக்கடைக்குப் போனேன். என் மிஷின் ஒரு மூலையில் இரண்டு சைக்கிள்களுக்கும் ஒரு பித்தளை அண்டாவுக்கும் நடுவில் நின்றது. ஊசியில் நான் கடைசியாகத் தைத்த சட்டையின் நீல நூல் அப்படியே கோத்திருந்தது. அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

“டெய்லரே, நான் வீட்டுக்குப் போயிக் குளிச்சிட்டுப் பொரி கடலையோட வாரேன். அப்படியே சாமி படத்துக்கும் ஒரு பொட்டு வச்சிருங்க” என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

கிட்டே போய்ப் பார்த்தால் படத்தில் ஒரு விரல் கனத்துக்குத் தூசி. தூசி மேல் பொட்டு வைக்க மனம் வருமா? இறக்கித் துடைத்தேன். படத்துக்குப் பின்னால் சுவரில் ஏதோ தகர போர்டு இருந்தது. லைசென்ஸ் சமாசாரம் என்று விட்டுவிட்டேன். என் கண் மேற்குச் சுவரில் இருந்த ஆணியில் நின்றது. அங்கே ஒரு குடை தொங்கியது. அங்கே மாட்டினால் அம்மன் கிழக்குப் பார்ப்பாள். இத்தனை மாத உறுத்தலுக்கு அவளே வழி காட்டிவிட்டாள் என்று நினைத்துக் குடையை எடுத்துவிட்டுப் படத்தை மாட்டினேன். பூப்போட்டுத் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினேன். மனது நிறைந்துவிட்டது.

பொரி வாங்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எல்லாரும் அவரிடம் கடன் வாங்கியவர்கள்தான். என் மனைவியும் வந்தாள். எதிர்ச் சுவரில் இருந்த போர்டைப் பார்த்து முதலில் வாயைத் திறந்தவர் பக்கத்து டீக்கடைக்காரர். அவர் டீ ஆற்றுகிற மாதிரியே நீட்டி முழக்கி வாசிப்பார்.

“லைசென்ஸ் பெற்ற கடை. வட்டி விகிதம் நூற்றுக்குப் பன்னிரண்டு, வருடத்திற்கு. பணம் செலுத்துவோர் ரசீது கேட்டுப் பெறவும்.” நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். “டெய்லரே, எனக்குக் கண்ணு மங்கல். வருடத்திற்குன்னா போட்டிருக்கு?”

“வருடத்திற்குன்னுதான் போட்டிருக்கு” என்றேன்.

நாங்கள் மாதத்துக்குக் கொடுத்தவர்கள். பொரிச் சட்டியோடு உள்ளே வந்த வட்டிக்கடைக்காரர் எதிர்ச் சுவரைப் பார்த்தார். பிறகு பக்கத்துச் சுவரில் அம்மனைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

“யோவ், யாரு படத்த எடுத்தது?”

“தெக்குப் பாத்து இருந்துச்சு மொதலாளி. அதான்.”

“எடுத்த எடத்துலயே மாட்டும்யா.”

நான் படத்தில் கை வைக்கப் போனேன். என் மனைவி தட்டிவிட்டாள்.

“என்னண்ணே இப்படிச் சொல்றீக? தேங்கா ஒடச்சு சூடம் காட்டியாச்சு. பூஜையில வச்சத விஜயதசமி வரைக்கும் அசைக்கக் கூடாதுன்னு நேத்து நீங்கதான சொன்னீக. சாமி குத்தம்னீகளே.”

அவர் போர்டைப் பார்த்தார். “போர்டு எழுதுனவன் தப்பா எழுதிப்புட்டான்” என்றார்.

அந்த நேரம் பார்த்துத் தாலுகா ஆபீஸ் இன்ஸ்பெக்டர் பொரி வாங்க வந்தார். வட்டிக்கடைகளைச் சோதிப்பது அவர் வேலை. போர்டு எல்லாருக்கும் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும் என்பது சர்க்கார் உத்தரவு. முன்னால் வந்தபோதெல்லாம் அதே படத்தைக் கும்பிட்டுவிட்டு, போர்டு இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனவர்தான்.

“சார், இது தப்பா எழுதுனதாமே?” என்று கேட்டார் டீக்கடைக்காரர்.

இன்ஸ்பெக்டர் கையிலிருந்த பொரியை மென்று முடித்தார். சுற்றிலும் இருபது பேர் நின்றார்கள். “சர்க்கார் சொன்ன வட்டிதான். இதுக்கு மேல வாங்கினா லைசென்ஸ் போயிரும்” என்றார். பிறகு வட்டிக்கடைக்காரரைப் பார்த்து, “இப்பத்தான் போர்டு சரியான எடத்துல இருக்கு” என்றார். போர்டு எப்போதும் அங்கேதான் இருந்தது.

அன்று முழுக்க அம்மன் கிழக்குப் பார்த்தாள். ஊர் முழுக்கப் போர்டைப் பார்த்தது. டவுனிலிருந்துகூட ஒருவர் சைக்கிளில் வந்து வாசித்துவிட்டுப் போனார்.

விஜயதசமி அன்று விடிந்ததும் நாங்கள் போனோம். மாதா மாதம் கொடுத்தது எல்லாம் அவர் நோட்டில் ஒன்று விடாமல் இருந்தது. பிள்ளையார் சுழி போட்ட நோட்டில் பொய் எழுதமாட்டார். அந்த விஷயத்தில் அவரும் என்னைப் போலத்தான். போர்டுப்படி கூட்டிப் பார்த்தால் அசலும் தீர்ந்து, அவர்தான் எனக்குத் தர வேண்டியிருந்தது. “பரவாயில்ல மொதலாளி” என்று சொல்ல வாயெடுத்தேன். முழங்கையில் ஒரு கிள்ளு விழுந்தது. இன்றும் அந்த இடம் எனக்கு நினைவிருக்கிறது.

மிஷினை ரிக்ஷாவில் ஏற்றினோம். கீழே விழுந்துவிடாமல் அவள் ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடந்து வந்தாள். மீதிப் பணத்தை மூன்று தவணையாகக் கொடுத்தார். ஒவ்வொரு தவணைக்கும் நான் ரசீது எழுதிக் கொடுத்தேன். அதை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

தீபாவளிக்கு எல்லார் சட்டையும் கொடுத்தேன். கடைசி நாள் வட்டிக்கடைக்காரரும் ஒரு சட்டைத் துணியோடு வந்தார். கூலியைச் சொன்னேன். அவர் என் கடைச் சுவரை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார்.

“ரேட் போர்டு எங்க டெய்லரே?”

காஜா எடுத்துக்கொண்டிருந்த என் மனைவி நிமிராமலே சொன்னாள். “சாமி படத்துக்குப் பின்னால இருக்குண்ணே. எடுத்துப் பாத்துக்கங்க.”

அவர் சிரித்துவிட்டார். அளவு எடுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.