மூன்றாம் ஓலை

அயர்லாந்து தேசம் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு ஆளுக்காகக் காத்துக்கிடந்த காலம் ஒன்று உண்டு. அந்த ஆள் ராஜகீழ்ப்பாக்கம் பள்ளிக்கூட வேன் டிரைவர் அந்தோணிசாமி. அவர் தலையசைக்காமல் அங்கே கல்யாண மணி அடித்துவிட முடியாது. மீறி அடித்தால் கடலே வற்றிப்போயிருக்கும்.

விஷயம் இவ்வளவுதான். அவருடைய ஒரே மகள் ஷீலா டப்ளினில் நர்ஸ். டெக்லன் என்ற பையனை அங்கேயே கோயிலில் கட்டிக்கொள்ள முடிவுசெய்திருந்தாள். வெளியூர்ப் பெண்ணாயிற்றே, சும்மா விடுவார்களா? மூன்று மாதம் முன்பே சர்க்காருக்குத் தகவல் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட் வேண்டும். மகள் இன்னும் யாரையும் மணக்கவில்லை என்று நோட்டரி முன்னால் தகப்பன் செய்த சத்தியம் வேண்டும். பிறப்புச் சான்றிதழும் வேண்டும். அதில் 'பெண்' என்று மட்டும்தான் இருந்தது; பெயர் வைப்பதற்குள் பதிந்துவிட்டார்கள். தாம்பரத்துக்கு அலையோ அலையென்று அலைந்து, வளர்ந்த மகளுக்கு மறுபடியும் ஒருமுறை பெயர் வைத்தார் அந்தோணிசாமி. முதல் தடவை பக்கத்தில் நின்ற மனைவி கனகவல்லி இந்தத் தடவை இல்லை. போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அவரும் போய்வர விசா கேட்டுப் பார்த்தார். திரும்பி வருவீர்கள் என்பதற்கு இங்கே உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்றார்கள். நன்றாக யோசித்துப் பார்த்தார். யாரும் இல்லை. விசாவும் இல்லை.

பாக்கி இருந்தது பங்குச் சாமியாரின் கடிதம் ஒன்றுதான். சொந்தக் கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்து, யாரும் தடை சொல்லாவிட்டால்தான் அவர் எழுதித் தருவார். அது போய்ச் சேர்ந்தால்தான் அங்கே தேதி நிற்கும்.

இரண்டு ஓலை முடிந்த வாரம், டீக்கடை மாரி வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லை.

"இன்னா அண்ணாத்த, மூஞ்சி தொங்கிகினு கீது? கோயில்ல எழுந்து, தடை கீதுன்னு ஒரு வார்த்த வுடேன். கடுதாசி போவாது. பொண்ணு தானா இங்க வந்து கண்ணாலம் கட்டிக்கும். நீயும் மொத வரிசைல குந்திகினு பாப்ப."

"போடா, பேமானி."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார். ஆனால் பிள்ளைகளெல்லாம் இறங்கிப்போன வேனில் அந்த ஒரு வார்த்தை மட்டும் இறங்காமல் உட்கார்ந்திருந்தது.

ஓலை வாசித்தால் பெண் தலையைக் குனிந்துகொள்வாள். பக்கத்திலிருப்பவர்கள் முழங்கையால் இடிப்பார்கள். ஷீலாவின் ஓலைக்கு இடிபடவும் ஆளில்லை, இடிக்கவும் ஆளில்லை. அந்த மூன்றாம் ஞாயிறும் அந்தோணிசாமிக்கு இரண்டு பக்கமும் பெஞ்சு காலி.

"...தடை அறிந்தவர்கள் தெரிவிக்கலாம். இது மூன்றாம் ஓலை," என்று சாமியார் வாசித்து முடித்தார்.

அந்தோணிசாமி எழுந்து நின்றார். கோயில் மொத்தமும் திரும்பியது.

"என்ன அந்தோணி, தடை ஏதாவது உண்டா?"

மாரியின் வார்த்தை தொண்டை வரை வந்து நின்றது. அவர் அதை விழுங்கினார்.

"தடையெல்லாம் ஒண்ணும் இல்ல சாமி. அங்க அவ பக்கம் எழுந்து நிக்க ஒருத்தரும் கெடையாது. அதான் இங்கயே நின்னுக்கறேன்."

சாமியார் ஓலையை மடித்து வைத்தார். "நில்லுங்க," என்றார்.

எல்லோரும் முழங்காலிட்டபோதும் அந்தோணிசாமி நின்றார். கடைசி பெஞ்சிலும் ஒரு பயல் எழுந்து நின்றான். கால் மரத்துப்போயிருக்கும். மறுநாள் கடிதம் கிளம்பியது.

இதையெல்லாம் நான் எழுதி, நிறுத்தியிருந்த வேனில் வாசித்துக் காட்டியபோது, அந்தோணிசாமி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அயர்லாந்து மூச்சைப் பிடித்த இடத்துக்குக்கூடச் சிரிக்கவில்லை. கடைசியில் திரும்பினார்.

"எல்லாம் சரிதான்டா. கடைசி பெஞ்சுல நின்னவனுக்குக் கால் மரத்துப்போச்சுன்னு எழுதிகீற. கால் மரத்தவனுக்குக் கண்ணுல எதுக்குடா தண்ணி வந்துச்சு?"