வெக்ஸ்போர்ட் விஷகடிப் பரியாரி

ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் குலசிங்கத்தார் இருபது வருடங்களாகப் பாம்புக்கடிக்கு மந்திரம் சொல்லிப் பார்வை பார்த்து வந்தார். அவரிடம் வந்தவர்களில் ஒருவர்கூடச் செத்ததில்லை. பிறந்த ஊரில் வைத்தியம் பார்த்த எந்த விஷகடிப் பரியாரிக்கும் இப்படி ஒரு பெயர் கிடைத்ததில்லை. அங்கே நாகமும் புடையனும் இருந்தன. பரியாரிமார் சிலவேளை தோற்றார்கள். ரொறன்ரோவில் இருப்பது முதுகில் மஞ்சள் கோடு போட்ட ஒரு சோணகிரிப் பாம்பு. அதற்கு ஒழுங்காகக் கடிக்கவே தெரியாது, ஆளை வருத்துகிற விஷமும் கிடையாது. எதிரி அப்படி அமைந்தால் யார்தான் தோற்பார்?

அவருடைய தகப்பனார் உண்மையான பரியாரி. மனுசன் வித்தையை மூத்த மகனுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினார். மூன்றாவது பிள்ளையான குலசிங்கத்தாருக்குக் கிடைத்தது தகப்பனின் மூக்கும் முழியும்தான். கனடாவுக்கு வந்து கொஞ்சக் காலத்தில் றூஜ் ஆற்றங்கரையில் ஒரு ஒன்றுகூடல். ஒரு பெண்ணின் காலைப் பாம்பு உரசிக்கொண்டு போக, அவள் மயங்கி விழுந்தாள். பரியாரியின் மகன் நிற்கிறார் என்று யாரோ இவரைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள். கையில் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தார்கள். வாய் எதையாவது முணுமுணுத்தாக வேண்டும். அந்த நாட்களில் அவருக்கு மனப்பாடமாய் இருந்தது வேலைக்குப் போகிற சப்வே ரயிலின் ஸ்டேசன் பெயர்கள் மட்டும்தான். கெனடி, வோர்டன், விக்ரோறியா பார்க், மெயின் ஸ்ட்ரீற் என்று தொடங்கினார். புறோட்வியூ வருவதற்குள் அந்தப் பெண் எழும்பி உட்கார்ந்து தின்ன றோல்ஸ் கேட்டாள்.

அன்றைக்குப் பிடித்தது அதிர்ஷ்டம். கலியாண வீடுகளில் முன்வரிசையில் இருத்தினார்கள். டொக்டர்மார்கூட அவரைக் கண்டால் எழும்பிக் கை கொடுத்தார்கள். மரியாதை ஒரு பொல்லாத சாமான், ஒருமுறை ருசித்தால் விட மனம் வராது. உள்ளுக்குள் மட்டும் ஒரு பயம் கிடந்து குடைந்தது. ஒருநாள் நிஜமான விஷக்கடி ஒன்று வந்து வாசலில் நின்றால் என்ன செய்வது? அந்தப் பயத்தில்தான் பாம்பு கடித்தால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்று இன்ரநெற்றில் களவாக வாசித்து வைத்திருந்தார்.

போன கோடையில் மில்லிக்கனிலிருந்து றொய்சன் வந்தான். மன்னார்ப் பிள்ளை, ட்றக் ஓடுகிறவன். மனைவி ஸ்டெபனியோடும் தமையனோடும் ஜோர்ஜியன் பே பக்கம் கூடாரம் அடிக்கப் போகிறானாம். ஒன்ராறியோ முழுவதிலும் மனிதருக்கு ஆபத்தான ஒரேயொரு பாம்பு, வாலைக் கிலுக்குகிற பாம்பு, இருப்பது அந்தப் பக்கம்தான். கணுக்காலை மூடுகிற உயரச் சப்பாத்து வாங்கவா என்று கேட்டான். ஓம் வாங்கு என்று சொல்லியிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் சப்பாத்து வாங்கச் சொல்ல ஒரு பரியாரி எதற்கு? குலசிங்கத்தார் ஒரு கறுத்த நூலை எடுத்து அவனுடைய கணுக்காலில் கட்டினார். பாம்பு தானாக விலத்திப் போகும் என்றார். கழுத்துச் சங்கிலியில் அந்தோனியார் சுருவம், காலில் கறுத்த நூல். றொய்சனுக்கு அதில் ஒரு முரண்பாடும் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை குலசிங்கத்தார் பிளாசாவில் தமிழ்க் கடையொன்றில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது போன் அடித்தது. ஸ்டெபனி போனை ஸ்பீக்கரில் போட்டு அழுதுகொண்டே சொன்னாள். றொய்சன் பாத்றூம் செருப்போடு பாறைகளுக்கிடையில் விறகு பொறுக்கப் போயிருக்கிறான். பாம்பு, பாவம், வாலைக் கிலுக்கி நியாயமாக எச்சரித்திருக்கிறது. இவனோ நூல் இருக்கிற தைரியத்தில், குலசிங்கம் அங்கிளுக்கு அனுப்பலாம் என்று படம் எடுக்கக் கிட்டப் போயிருக்கிறான். கடி, நூலுக்கு இரண்டு விரல் மேலே. சால்வையால் காலை இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். கீறி விஷத்தை எடுக்கத் தமையன் கத்தியோடு நிற்கிறான். அங்கிள் பார்வை பார்க்காமல் அம்புலன்ஸ் வேண்டாம் என்று றொய்சன் பிடிவாதம்.

பாம்பா என்று அவர் கேட்ட சத்தத்தில் கடையில் நின்றவர்கள் கூடிவந்து அவரையே பார்த்தார்கள். முணுமுணுத்தால் பெயர் மிஞ்சும், பொடியன் மிஞ்சுவானோ தெரியாது. இவ்வளவு நேரமும் குலசிங்கத்தாரைப் பகிடி பண்ணியாயிற்று, இந்த இடத்தில் அவரைக் கும்பிடத்தான் வேண்டும். அத்தனை பேர் முன்னாலும் குரலெடுத்துச் சொன்னார்:

"றொய்சன், எனக்கு மந்திரம் ஒண்டும் தெரியாது. ஒருநாளும் தெரியாது. நான் கட்டினது வெறும் தையல் நூல். கட்டை அவிழ், கத்தியைத் தூர வைக்கச் சொல்லு, காலை ஆட்டாமல் இரு. ஸ்டெபனி, இப்பவே 911க்கு அடி பிள்ளை."

ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். கால் வீங்கிக் கறுத்துப் பிறகு வற்றியது. றொய்சன் பிழைத்துக்கொண்டான்.

குலசிங்கத்தார் அவமானத்துக்குத் தயாராகக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார். அது வரவில்லை. சனம் கதைத்தது வேறு: போனிலேயே விஷத்தின் இனத்தைக் கண்டுபிடித்துவிட்டாராம், வெள்ளைக்காரப் பாம்புக்குத் தமிழ் மந்திரம் எடுபடாது என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டதாம். இல்லை, நான் சொன்னது உண்மை என்று அவர் ஆள் ஆளாகப் பிடித்துச் சொன்னார். எவ்வளவு தன்னடக்கம் என்று உருகினார்கள். அதன்பிறகு யார் போன் அடித்தாலும் டொக்டரிடம் போங்கோ என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்வதில்லை என்று முடிவெடுத்தார். போன் வருவது மெல்ல நின்றது. நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் வெறுமையாகவும் இருந்தது, அதை மறைப்பானேன்.

இந்த வருடம் புல்லு முளைத்த கையோடு ரெக்ஸ்டேலிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். வழமையான பதிலைச் சொன்னார். அவள் கோபிக்கவில்லை. பரவாயில்லை அண்ணை, மில்லிக்கனில் றொய்சன் பார்க்கிறாராம், விஷம் ஏறி இறங்கின உடம்பு, அவர் தொட்டாலே காணுமாம், நூலும் கட்டிவிடுகிறாராம் என்றாள்.

குலசிங்கத்தார் காரை எடுத்துக்கொண்டு நேரே மில்லிக்கனுக்குப் போனார். றொய்சன் கராஜில் இருந்து கறுத்த நூலைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தான். அவரைக் கண்டதும் மரியாதையாக எழும்பிக் கதிரை போட்டான், தேத்தண்ணி வருவித்தான்.

"தம்பி, நீ இண்டைக்கு உயிரோடை இருக்கிறது ஆஸ்பத்திரி மருந்தாலை," என்றார். "நாளைக்கு ஒருத்தன் உன்ரை நூலை நம்பிப் போய்ச் சாவான்."

"ஓம் அங்கிள், தெரியும்," என்றான் றொய்சன் அமைதியாக. "நீங்களும் தெரிஞ்சுகொண்டுதானே கட்டினனீங்கள். இருபது வருசம் முன்வரிசையிலை இருந்தியள். கடி வாங்கினவன் நான். நானும் கொஞ்சக் காலம் இருந்திட்டுப் போறனே."

குலசிங்கத்தார் தேத்தண்ணியைக் கையில் வைத்தபடி இருந்தார். வெளியே ட்றைவ்வேயில், கூரையில் கூடாரச் சாமான் கட்டிய கார் ஒன்று வந்து நின்றது. றொய்சன் வெட்டிய நூலில் ஒன்றை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனான்.