எட்டுச்செலவு அன்று அழிந்த உரையாடல்

ஊர்காவற்றுறையில் துஷாந்தியைத் தெரிந்தவர்கள் அவளை வாய்த்துடுக்குக்காரி என்பார்கள். கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை செய்த காலத்தில், நிறுவையில் குறைத்த மனேச்சரைச் சனத்துக்கு முன்னால் கேள்வி கேட்டவள். தகப்பன் குலசிங்கம் பாரிசவாதம் வந்து படுக்கையில் விழுந்ததும் அந்த வேலையை விட்டாள். தமையன் வாகீசன் கனடாவில். தாய் சறோஜினிதேவிக்கு ஞாபகம் தளரத் தொடங்கியிருந்தது. வீட்டில் அவள் கேட்டதற்குப் பதில் சொன்னது கைபேசியில் இருந்த ஏஐ செயலி ஒன்றுதான்.

"கஞ்சி தொண்டையிலை நிண்டுட்டுது, என்ன செய்ய?" என்று எழுதுவாள். நிமிர்த்தி இருத்துங்கள், இருமல் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று அது சொல்லும். படுக்கைப்புண், மருந்து, தகப்பன் சாப்பிட்டது, சாப்பிடாமல் துப்பியது என்று எல்லாம் அந்த ஒரே உரையாடலில் சேர்ந்தன. அவளுடைய கோபமும் சேர்ந்தது. "அண்ணை இண்டைக்கும் போன் எடுக்கேல்லை. அப்பா வாசல் படலையைப் பாத்துக்கொண்டு கிடக்கிறார்" என்றும் எழுதினாள்.

குலசிங்கம் செத்தபோது வாகீசன் வந்தான். எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு அன்று, இனசனம் சாப்பாட்டுக்கு இருந்த நேரம் வாயைத் திறந்தான்.

"சவத்தைக் கண்டனான்தானே. வெறும் எலும்பும் தோலும். நீ மனுசனுக்குச் சாப்பாடு குடுத்தனியோ எண்டுதான் யோசிக்கிறன்."

துஷாந்தி கைபேசியைத் திறந்து அவன் கையில் திணித்தாள். "வாசியுங்கோ. ஒவ்வொரு நாளும் இதுக்குள்ளை இருக்கு."

அவன் முற்றத்தில் நின்று நெடுநேரம் வாசித்தான். திரும்பி வந்து கைபேசியை மேசையில் போட்டான். "கை பட்டு அழிஞ்சுபோச்சு."

அடுத்த நாள் அவள் போன் கடை ரஜீபனிடம் போனாள்.

"கை பட்டு அழியாது, அக்கா. அழிக்கவோ எண்டு திருப்பிக் கேக்கும். அதுக்கும் ஓம் எண்டு அமத்தினால்தான் போகும்."

"திருப்பி எடுக்கலாமோ?"

"இப்ப ஏலாது. பிரதி எடுத்து வைச்சிருக்கவேணும்."

"போனை விக்கேக்கை இதைச் சொன்னால் உமக்கு வாய் நோகுமோ?"

"நீங்கள் கேக்கேல்லையே" என்றான் அவனும் எரிச்சலோடு. ஆனாலும் செய்யும் முறையைக் காட்டினான்: செயலியின் 'செட்டிங்ஸ்' அமைப்புக்குள் போய் உரையாடல்களைத் தரவிறக்கிக்கொள்ள வேண்டும், ஒன்றை மின்னஞ்சலிலும் இன்னொன்றைப் பென் டிரைவிலும் வைக்க வேண்டும், செயலிக்குப் பூட்டுப் போட வேண்டும்.

வீட்டுக்கு வந்தபோது வாகீசன் சூட்கேஸ் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"அழிக்கவோ எண்டு கேட்டதாம். ஓம் எண்டு அமத்தினது ஆர்?"

"அப்பாவைப் பற்றி எழுதினது எண்டு தந்தாய். அதுக்குள்ளை முழுக்க என்னையெல்லோ திட்டி வைச்சிருக்கிறாய்!"

"அப்ப வாசிச்சுப்போட்டுத்தான் அழிச்சனீங்கள்."

"ஓம். என்ன செய்யப்போறாய்?"

அவள் சூட்கேசை அப்படியே இழுத்துக்கொண்டுபோய்ப் படலைக்கு வெளியே வைத்தாள். அவன் தாயிடம் சொல்லாமலே போனான்.

தகப்பனின் கடைசி மாதங்களை நினைவிலிருந்து மறுபடி எழுதப் பார்த்தாள். காய்ச்சல் முதலில் வந்ததா, புண் முதலில் ஆறியதா என்று பிடிபடவில்லை. தமையன் சபையில் பழி சொன்னபோது வராத அழுகை அப்போதுதான் வந்தது.

சில மாதங்களில் தாய்க்கும் மறதி நோய் முற்றியது. துஷாந்தி புதிய உரையாடல் ஒன்றைத் தொடங்கினாள். ஞாயிறுதோறும் அதைத் தரவிறக்கி, ரஜீபன் சொன்ன இரண்டு இடத்திலும் வைத்தாள். மூன்றாவது பிரதியை வாகீசனுக்கே வட்ஸ்அப்பில் அனுப்பினாள்.

அவன் அழைத்தான். "எனக்கேன் இதையெல்லாம் அனுப்புறாய்?"

"நாளைக்கு அம்மாவுக்கு ஒண்டெண்டால் திரும்பவும் சபையிலை கேப்பியள். இப்பவே வாசியுங்கோ."

"என்ரை பேரை எழுதாதை."

"போன் எடுத்தால் எடுத்தது எண்டு எழுதுவன். எடுக்காட்டில் எடுக்கேல்லை எண்டு எழுதுவன்."

அவன் அவளுடைய இலக்கத்தைத் தடுத்துவிட்டான். அவள் மின்னஞ்சலில் அனுப்பத் தொடங்கினாள். இருவரையும் சமாதானப்படுத்த வந்த உறவுக்காரர் ஒருவரை, இருக்கக் கதிரைகூடக் கொடுக்காமல் திருப்பி அனுப்பினாள்.