சிஃபானாவின் காலும் காவல் கலங்களும்

கால்களை நடக்க வைப்பதுதான் பிசியோ வேலை என்று நம்பி இந்தத் தொழிலுக்கு வந்தேன். வந்த பிறகுதான் தெரிந்தது, பாதி வேலை வாயால் என்று. புத்தளம் பக்கத்து ஆஸ்பத்திரியில் தமிழ் பேசுகிற ஆள் அகப்பட்டால் டொக்டர் சிங்களத்தில் சொல்வதையெல்லாம் விளக்கும் பொறுப்பும் அவள் தலையில்தான். இதே பாடு படுகிறவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

மத்தியான வெயில்

சிஃபானா கலியாணமாகி கடற்கரையில் கருவாடு காயவைக்கும் மாமியாரின் வாடிக்கு வேலைக்கு வந்தவள். காலையில் நன்றாகத்தான் மீனைப் பிளந்து உப்பிடுவாள். வெயில் ஏறி, காயப்போட்ட மீனைத் திருப்பப் போனால் இடது கால் இழுக்கும், கண் மங்கும். நிழலில் கிடந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் கொஞ்சத்தில் சரியாகிவிடும். வேலை நேரத்தில் வந்து வேலை முடிந்ததும் போகிற நோயைக் கற்பிட்டியில் யார் நம்புவார்கள்?

மாமி அவளைக் கூட்டி வந்ததே, நான் பொய்யைக் கண்டுபிடித்துக் கொடுப்பேன் என்றுதான். கதிரையில் உட்காரும் முன்பே முறைப்பாடு தொடங்கியது.

"வாடிக்கு வரத்தான் மிஸ் கால் இழுக்குது. ராவைக்குக் கலியாண ஊட்டுக்கெண்டா முன்னுக்கு ஓடுது."

காவல்

கொழும்பில் ஸ்கேன் எடுத்தபோது தெரிந்தது, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். பெயரைச் சொல்லவே எனக்கு வாய் உளறும். சிஃபானாவைப் பெற்ற வாப்பாவுக்கு அதைத் தமிழில் விளக்க வேண்டும்.

"இரத்தத்திலுள்ள வெள்ளைக் கலங்கள் கிருமியோடு சண்டை பிடிக்கத்தான் இருக்கின்றன. இந்த நோயில் அவற்றில் சில, நரம்பைச் சுற்றியுள்ள உறையைப் பகை என்று நினைத்து மூளைக்குள் புகுந்து அரிக்கின்றன. மற்றக் கலங்களையும் துணைக்குக் கூப்பிடுகின்றன. உறை போன இடத்தில் மூளை சொல்வது காலுக்குச் சரியாகப் போய்ச் சேராது. உடம்பு சூடானால் இன்னும் தடுமாறும்" என்றேன்.

தொண்ணூறாம் ஆண்டு இயக்கத்தினர் மன்னார் முஸ்லிம்களைத் துப்பாக்கி காட்டித் துரத்தியபோது, உடுத்த உடுப்போடு தோணியில் கற்பிட்டிக்கு வந்து இறங்கிய மனிதர் அவர்.

"எனக்கு இது விளங்கும் மிஸ். எங்களுக்குக் காவலெண்டு துவக்கோட நிண்டவங்கதான் எங்கள வெளிக்கிடச் சொன்னது."

குளிசை

நோய் உண்மை என்று தெரிந்ததும் மாமி ஆளே மாறிப்போனார். மருமகளின் கையைப் பிடித்து அழுதார். அதன்பிறகு அவளை வெயிலில் கால் வைக்க விடவில்லை. அந்தக் கலங்களை அடக்க டொக்டர் எழுதிய மாத்திரைக் குளிசையையும் தன் கையாலேயே கொடுத்தார். நானும் நிம்மதியாக இருந்தேன்.

கொரோனா முடிந்து அதிக காலம் ஆகாத நேரம். மருந்து கொடுத்தவர், "இது எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், சனக்கூட்டத்துக்குள் போக வேண்டாம்" என்று எச்சரித்திருக்கிறார். மாமி பயந்துவிட்டார். ஒருவருக்கும் சொல்லாமல் குளிசையைக் களப்புத் தண்ணீரில் கொட்டிவிட்டு, அதற்குப் பதில் சத்துக் குளிசையும், எதிர்ப்புச் சக்தி கூடட்டும் என்று கருஞ்சீரகமும் தேனும் கொடுத்து வந்தார். அடக்கி வைத்திருந்த கலங்கள் மறுபடி கிளம்பிவிட்டன. ஒரு நாள் விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூ எடுக்க எழும்பிய சிஃபானா அப்படியே விழுந்தாள். புருஷன் தூக்கிக்கொண்டு வந்தான்.

குளிசைக் கதை வெளியே வந்ததும் வாட்டு வாசலில் நான் கத்தினேன். மாமியும் விடவில்லை.

"கொரோனாவுல எதிர்ப்புச் சக்திய ஏத்தச் சொன்னீங்க, இப்ப எறக்கச் சொல்றீங்க. நாங்க எதத்தான் மிஸ் நம்புற?"

கம்பி

மருந்து ஏற்றியதில் கண் தெளிந்தது. இடது கால் முழுதாகத் திரும்பவில்லை. இனித் திரும்பும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் அறையில் நடை பழக்கும் இரண்டு கம்பிகளையும் பிடித்துக்கொண்டு அவள் காலை இழுத்து இழுத்து நடக்கிறாள். மாமி ஈரத் துவாயோடு கூடவே வந்து அவள் கழுத்தைத் துடைத்துவிடுகிறார். இப்போது குளிசை தொண்டைக்குள் இறங்கும்வரை பார்த்துக்கொண்டே நிற்பாராம்.

எனக்குக் கோபம் ஆறவில்லை. மாமி தண்ணீர் எடுக்கப் போன நேரம், "இந்த மனுசி மட்டும் சும்மா இருந்திருந்தால் நீ நடந்திருப்பாய்" என்று சொல்லிவிட்டேன். சிஃபானா கம்பியை விடாமல் திரும்பிப் பார்த்தாள்.

"மாமிய ஏசாதீங்க மிஸ். எனக்குள்ள நிண்டு கடிக்கிறதும் என்னக் காப்பாத்தத்தானே பாக்குது."

கிருமியைக் கண்டால் கை கழுவ எங்களுக்குப் படிப்பித்தார்கள். காப்பாற்ற வருகிறவர்களிடமிருந்து ஒருவரை எப்படிக் காப்பாற்றுவது என்பது மட்டும் பாடத்தில் இல்லாமல் போயிற்று.