அடைத்த கேட்டைத் திறக்க மறுத்த எங்கள் அக்கா

எங்கள் அக்கா ஆண்டவரில் இளைப்பாறி ஓராண்டு நிறைகிறது. பூசைக்கு வந்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் அவரை அறிவார்கள். அவருக்கு நடந்ததை எல்லோரும் முழுமையாக அறியமாட்டார்கள். நல்லதை மட்டும் எழுதும்படி சிலர் சொன்னார்கள். அக்காவைப் பற்றி நல்லதைத்தான் எழுதுகிறேன். மற்றவர்களைப் பற்றியும் அப்படி எழுதும் கடமை எனக்கில்லை.

அக்கா யட்டியாந்தோட்டைக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தார். பெற்றோர் திருச்சிராப்பள்ளிப் பக்கமிருந்து இலங்கைக்கு வந்தவர்கள். அம்மா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டதால் என்னை வளர்த்தவர் அக்காதான். பிறகு ரயில் பாதையில் வேலை செய்த ஒருவரை மணந்தார். அத்தான் காய்ச்சலில் இறந்ததும், தோட்டத்துச் சாலை தண்டவாளத்தைக் கடக்கும் இடத்திலிருந்த கேட்டைக் காக்கும் வேலையும், அதையொட்டி ஓர் அறையும் அவருக்குக் கிடைத்தன. பெரிய கருணையாம்! இரவும் பகலும் அவர் ஒருவரே, மாற்றாள் கிடையாது. உடம்பு நெருப்பாய்க் கொதித்த நாட்களிலும் கொடி பிடித்து நின்றார். பாதுகாப்பைப் பார்வையிட வரும் அதிகாரிகள் சிவப்புக் கொடியை விரித்துக் கறை தேடுவார்கள். தலைக்கு மேல் கூரை ஒழுகுவது அந்தக் கண்களுக்குத் தெரிந்ததேயில்லை. விதியில் கொடி இருந்தது, கூரை இல்லை.

ஒரு மழை நாள் பிற்பகல். நான் அரிசி கொடுக்கப் போயிருந்தேன். ரயில் வரும் நேரம் என்பதால் அக்கா சாலையின் இருபக்கக் கட்டைகளையும் இறக்கி அடைத்திருந்தார். அப்போது தோட்டத்துத் துரையின் கார் வந்து நின்றது. ஓட்டியவர் பியசேன என்ற சிங்களவர். பக்கத்தில், லயத்து ஆட்களை வேலை வாங்கும் எங்கள் கணக்கப்பிள்ளை. துரைக்குக் கிளப்பில் பந்து விளையாட நேரமாகிவிட்டதாம்.

"கேட் தொற! சீக்கிரம்!" என்று துரை கத்தினார்.

"கோச்சி வருதுங்க தொரை. போனதும் தொறக்கிறேங்க" என்றார் அக்கா.

"எனக்குச் சட்டம் சொல்றியா?"

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானுங்களே."

துரைக்கு முகம் சிவந்தது. அதைப் பார்த்ததும் கணக்கப்பிள்ளைக்கு வீரம் வந்துவிட்டது. நம் சனத்தின் முதுகில் மட்டுமே எழும் வீரம் அது. இறங்கி வந்து அக்காவைச் சேற்றில் தள்ளிவிட்டுக் கட்டையைத் தூக்கினார். பியசேன தயங்கினார், துரை அவர் தோளில் குத்தியதும் காரை நகர்த்தினார். எதிர்ப்பக்கக் கட்டை இறங்கியே இருப்பதை நினைக்கும் புத்தி துரைக்கும் இல்லை, கணக்கப்பிள்ளைக்கும் இல்லை. முன்னால் கட்டை, பின்னால் எடுத்தால் சக்கரம் சேற்றில் வழுக்கியது; கார் தண்டவாளத்தின் நடுவில் அகப்பட்டுக்கொண்டது.

வளைவுக்கு அப்பால் கோச்சி ஊதியது. நான் எதிர்க்கட்டையைத் தூக்க ஓடினேன். அக்கா சேற்றிலிருந்து எழுந்து, கொடியை எடுத்துக்கொண்டு, கோச்சி வரும் திசையிலேயே தண்டவாளத்தில் ஓடினார். எஞ்சின்காரர் அவரைக் கண்டு பிரேக் போட்டார். நான் கட்டையைத் தூக்கி முடிப்பதற்குள், வேகம் குறைந்த எஞ்சின் காரின் பின்புறத்தை இடித்து, அதைப் பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் தள்ளியது. துரைக்குத் தோள்பட்டை விலகியது. எஞ்சினில் விறகு போட்டுக்கொண்டிருந்தவர் அடுப்பின் மேல் சரிந்ததில் அவர் கை வெந்துபோனது. துரையின் தோள்பட்டைக்குப் பெரிய டாக்டர் வந்தார். அந்தக் கைக்கு யார் வந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

விசாரணைக்கு வந்த அதிகாரி அக்கா மீது இரண்டு குற்றங்களைக் கண்டார். கோச்சி வரும்போது கேட் திறந்திருந்தது. கேட்டுக்காரி கேட்டை விட்டுப் போயிருந்தாள். தள்ளியவரைப் பற்றிப் பேச்சே இல்லை. நான் தம்பி என்பதால் என் சாட்சி செல்லாதாம்.

"தெரியாம தொறந்துட்டேன்னு சொல்லிடு. வேலையும் வீடும் ஒனக்கே இருக்கும்" என்று கணக்கப்பிள்ளை காதோடு சொல்லிப் பார்த்தார்.

அக்கா அதிகாரியைப் பார்த்தே பேசினார்: "நான் தொறக்கலீங்க. கேட்ட விட்டு ஓடினது மெய்தான். ஓடலன்னா தொரை இங்க உக்காந்து சாட்சி சொல்ல முடியாதுங்க."

துரை கூரையைப் பார்த்தார்.

அப்போது பியசேன, யாரும் கூப்பிடாமலே எழுந்து, கணக்கப்பிள்ளைதான் கேட்டைத் திறந்தார் என்று சிங்களத்தில் உரக்கச் சொன்னார். அன்றே அவருக்கு வேலை போனது. அக்காவுக்கும் போனது. சில மாதங்களில் அந்தக் கேட்டில் புதிய எச்சரிக்கைப் பலகை வைத்தார்கள், ஆங்கிலத்தில். அதைப் படிக்கத் தெரிந்தவர் அந்தச் சாலையில் துரை ஒருவர்தான். அவருக்கு எச்சரிக்கை தேவைப்படாது என்பது முன்பே நிரூபணமாகியிருந்தது.

அக்கா யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவில் ஆப்பக்கடை போட்டுப் பிழைத்தார். எவர் முன்னும் குனியவில்லை. கடைசியில் நெஞ்சுச் சளியில் படுத்தார். சாவதற்குச் சில நாட்களுக்கு முன் கேட்டேன்: "அன்னிக்கு அந்த மனுசனுக்காக ஏன்க்கா ஓடினீங்க?"

"அவனுக்காகவா ஓடினேன்? கோச்சி நெறைய சனம் இருந்துச்சேடா" என்றார்.

அடக்கத்துக்குக் கணக்கப்பிள்ளை மலர்வளையத்தோடு வந்தார். வாங்க ஒருவரும் கை நீட்டவில்லை. தானே சுமந்துகொண்டு திரும்பிப் போனார். துரை ஆள்கூட அனுப்பவில்லை. அந்த மரியாதைக்காக அவருக்கு நன்றி.

கடை போட இடம் தந்து ஒருநாளும் வாடகை கேட்காத துணிக்கடை முஸ்லிம் நானாவுக்கும், கடைசிவரை மருந்து கொடுத்த சிங்கள வைத்தியர் வெத மாத்தயாவுக்கும், செபம் சொல்லிய லயத்துப் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவின் பெட்டியை முன்னால் நின்று தூக்கிய பியசேன அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. இன்று பூசை முடிந்ததும் அவரை உட்காரவைத்து, இதை முழுவதும் சிங்களத்தில் சொல்லப்போகிறேன். அன்று விசாரணையில் அவர் பேசியது போலவே, எல்லோருக்கும் கேட்கும்படி.