பேனாவை வாங்கும் முன் சொல்ல வேண்டியிருந்தது

பிள்ளைகளே, சின்னவளின் வயிற்றுத் தழும்பு எப்படி வந்ததென்று உங்கள் இருவருக்கும் தெரியும். பக்கத்துக் காம்பரா வீட்டு அத்தை ஒரு வருடத்துக்கு மேல் நம்மோடு பேசாமல் இருந்தது ஏன் என்று மட்டும் நான் சொன்னதில்லை. காரணம் நான்தான்.

கொரோனா நேரம். அத்தையின் மகன் கொழும்பில் வேலை செய்த கடையை மூடிவிட்டதால் ஊருக்கு வந்திருந்தான். வந்த மறுநாளே காய்ச்சல். சுவருக்கு அந்தப்பக்கம் அவன் இருமுவது நமக்குக் கேட்கும். தோட்டத்து லயத்தின் பன்னிரண்டு காம்பராவுக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. சுகாதாரம் பார்க்கும் பி.எச்.ஐ. ஐயாவுக்குத் தெரிந்தால் கதவில் தாள் ஒட்டி லயத்தையே மூடிவிடுவார்கள். யாரும் காலையில் பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போக முடியாது, அன்றாடச் சம்பளமும் இல்லை. சின்னவளோ அத்தை ஊட்டினால்தான் சோறு தின்பாள்.

நாலாம் நாள் காலையில் சின்னவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். நமுனுகுலையிலிருந்து ஓட்டோவில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அம்மாவை மட்டும் உள்ளே விட்டார்கள். நான் வெளியே தகரக் கூரைக்குக் கீழ் நின்றேன். குடல்வால் வீங்கியிருக்கிறது, இன்றைக்கே வெட்ட வேண்டும் என்று தகவல் வந்தது. எல்லாவற்றுக்கும் அப்பாவைக் கேளுங்கள் என்று அம்மா சொல்லிவிட்டாளாம். அதனால் டொக்டரே தாளோடு வெளியே வந்தார். உடம்பெல்லாம் பிளாஸ்டிக் உடுப்பு, கண் மட்டும் தெரிந்தது. கூடவே தமிழ் தெரிந்த ஒரு நர்ஸ் மிஸ்ஸி.

தோட்டத்து ஆபீசில் தாளை நீட்டினால் விரல் காட்டும் இடத்தில் கையெழுத்து வைப்போம். என்ன தாள் என்று கேட்டால் அது வாய்க்கொழுப்பு. அந்தப் பழக்கத்தில், டொக்டர் பேச ஆரம்பிக்கும் முன்பே பேனாவை வாங்கிக் கையெழுத்து வைத்துவிட்டேன்.

டொக்டர் அந்தக் கையெழுத்தைக் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டுச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். மிஸ்ஸி சிரித்தார்.

“அண்ணே, ஒங்க கால வெட்டுறதுக்கும் இதே தாள்தான். கேட்டுட்டு வைங்க.”

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். வெட்டாவிட்டால் குடல்வால் வெடித்து விஷம் பரவும். வெட்டினால் இரத்தம் போகலாம், புண் சீழ் பிடிக்கலாம். மயக்கம் கொடுத்துத் தொண்டையில் குழாய் விடுவார்கள். எங்கோ ஒரு பிள்ளை கண் விழிக்காமலும் போகலாம். நெஞ்சில் கொரோனா இருந்தால் அந்த ஆபத்து கூடும். அவசரமாகப் பார்த்த சோதனையில் ஒன்றும் இல்லை, ஆனால் ஆரம்பத்தில் அது காட்டாமலும் இருக்கும். வீட்டுப்பக்கம் யாருக்காவது காய்ச்சலா?

“இல்லைங்க,” என்றேன்.

விளங்கியதைத் திருப்பிச் சொல்லுங்கள் என்றார் டொக்டர். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிச் சொல்லிக்கொண்டே வந்தேன். குடல்வால், இரத்தம், சீழ், குழாய். நெஞ்சில் கொரோனா இருந்தால் என்ற இடத்துக்கு வந்தேன். பன்னிரண்டு வீட்டு அடுப்பும் கண்ணில் வந்தது. சின்னவள் அத்தை மடியில் உட்கார்ந்து வாயைத் திறப்பதும் வந்தது.

“மிஸ்ஸி, பொய் சொல்லிட்டேங்க. அடுத்த காம்பராவுல காய்ச்சலு. எம்புள்ள அங்கதான் சோறு திங்கிறா.”

டொக்டர் ஏசவில்லை. எத்தனை நாளாக என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே ஓடினார். நெஞ்சைப் படம் பிடித்தார்கள், வேறு அறையைத் தயார் பண்ணினார்கள், மயக்கம் கொடுக்கும் டொக்டர் தனியாக வந்து பார்த்தார். அத்தனைக்கும் நேரம் ஓடியது. அதற்குள் வெடித்துவிட்டால் அதற்கும் நான்தானே காரணம் என்று நின்றேன். புதுத் தாள் வந்தபோது முழுதும் கேட்ட பிறகே என் பெயரை எழுதினேன்.

வெடிக்கவில்லை. கண் விழித்ததும் அவள் அத்தையைத்தான் கேட்டாளாம். மறுநாள் வந்த சோதனை முடிவில் அவளுக்கும் தொற்று இருந்தது.

நான் சொன்னது பி.எச்.ஐ. ஐயாவுக்குப் போய் லயத்தை மூடினார்கள். அத்தை போனில் அம்மாவிடம், “ஒங்க வீட்டுக்காரருக்கு அவரு புள்ள மட்டுந்தான் புள்ள,” என்று சொல்லிவிட்டுத் துண்டித்துவிட்டது. அது பொய்யில்லை. அத்தைக்காக நான் முதலில் காய்ச்சல் இல்லை என்று சொன்னதை அத்தையிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. டொக்டர் திருப்பிச் சொல்லச் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பொய்யோடுதான் கையெழுத்து வைத்திருப்பேன். அதை நீங்கள் என்னிடமிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும்.