கழுவிக் கொடுத்த டப்பா

ஆபரேஷன் தியேட்டரை இருபத்திரண்டு வருடம் கழுவித் துடைத்தவரை ஆஸ்பத்திரியில் எல்லோரும் பினாயில் என்றே கூப்பிட்டார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை. விளக்கின் மேல்புறம், மேஜைச் சக்கரத்தின் இடுக்கு என்று யார் கண்ணிலும் படாத இடத்தைக்கூட விடமாட்டார். அவர் துடைத்த தரையில் ஒரு கிருமி உயிரோடு இருந்தால் அது அவருக்கு மானப் பிரச்சினை.

அப்படிப்பட்டவருக்குப் பெருங்குடலில் புண் வந்தது. ஒரு நாளைக்குப் பத்து முறை வயிற்றுப்போக்கு, ரத்தத்தோடு. மருந்துகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. குடலையே வெட்டி எடுக்க வேண்டியிருக்கலாம் என்றார் டாக்டர். அதற்கு முன் ஒரு வழி இருந்தது. குடலில் வாழும் நுண்ணுயிரிகளைப் பற்றிய ஆய்வில் சேர்ந்தால் புது சிகிச்சை கிடைக்கக்கூடும். அதற்கு மலத்தை ஒரு டப்பாவில் கொடுக்க வேண்டும்.

கொடுத்தார். மூன்றாம் நாள் பரிசோதனைக்கூடத்துப் பெண் அவரைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"அண்ணே, ஒண்ணுமே வளரல. அந்த டப்பாவை என்ன பண்ணினீங்க?"

"கழுவினேம்மா. மருந்து ஊத்தி, ரெண்டு தடவை. அழுக்கு டப்பாவையா உங்ககிட்ட நீட்டுறது?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "எனக்கு வேண்டியது உயிரோட இருக்கிற கிருமி! நீங்க பொணமாக் கொண்டாந்து கொடுத்திருக்கீங்க. இன்னிக்கு நாலு மணியோட ஆய்வுக்கு ஆள் சேர்க்கிறது முடியுது."

மணி இரண்டு. புது டப்பாவோடு கழிப்பறைக்குள் போனார். எந்நேரமும் அவரை ஓடவிட்ட வயிறு அன்றைக்கென்று பார்த்து மௌனம் சாதித்தது. துணைக்கு வந்திருந்த அக்கா கதவைத் தட்டினாள்.

"என்னடா, உள்ளயும் துடைச்சிட்டிருக்கியா?"

"சிரிக்க வைக்காதக்கா. ஒருத்தனும் அசைய மாட்டேங்கிறான்."

"அவங்க வம்சத்தையே அழிச்சவன் கூப்பிட்டா உடனே வந்துருவாங்களா? கெஞ்சிக் கேளுடா."

மூன்றே முக்காலுக்கு, இறுக மூடிய டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறி ஓடினார்.

அடுத்த வாரம் அந்தப் பெண் ஒரு கண்ணாடித் தட்டைக் காட்டினாள். "வளர்ந்திருக்கு அண்ணே. ஆய்வுல உங்களைச் சேர்த்தாச்சு."

காற்றுப் பட்டாலே செத்துப்போகிற சில கிருமி வகைகள்தான் குடலின் உட்சுவருக்குத் தீனி தயாரித்துக் கொடுக்கின்றனவாம். அவரிடம் அவை மிகக் குறைவாம்.

அவர் யோசித்தார். "அவங்க போனதால புண் வந்துச்சா, புண் வந்ததால அவங்க போயிட்டாங்களா?"

"அதைத்தான் நாங்களும் தேடிட்டிருக்கோம்."

பினாயில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தட்டில் வெளிறிய புள்ளிகள், ஊசிமுனை அளவில். கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"சரிம்மா, மிச்சமிருக்கிறவங்க என்ன சாப்பிடுவாங்க?"